அஜ்மானில் மெல்ல நடந்தோம்

வேனில் பெரிய டிரம்முக்கு இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

கொரோனா காலச் சட்டப்படி வண்டியில் ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில்தான் ஆள் உட்காரலாம். உட்காரக் கூடாத சீட்டுகளில் குறுக்கே சிவப்பு நாடா ஒட்டியிருந்தார்கள். எங்கள் பேண்டு செட்டின் டிரம் பின்பக்கக் கதவுக்குள் நுழையவில்லை. டிரைவர் பெரியசாமி கொஞ்சம் யோசித்துவிட்டு, நாடா ஒட்டிய சீட்டில் அதை உட்கார வைத்து பெல்ட்டும் மாட்டிவிட்டார். டிரம்மின் வயிறு பக்கத்துச் சீட்டிலும் சரிந்து உட்கார்ந்துகொண்டது. அது நான் உட்கார வேண்டிய சீட். வேன் ஒரு தடவை அஜ்மான் போய்த் திரும்பும்வரை விமான நிலைய வாசலில் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களின் மாஸ்க்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த பெரியசாமி சிரித்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்.

“சிக்னல்ல ஒரு போலீஸ் எட்டிப் பாத்தாருண்ணே. இந்தத் தடியனுக்கு மட்டும் ஏன் மாஸ்க் இல்லன்னு இந்தியில கேட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசி. விமானத்தில் கொடுத்தது ஒரு ரொட்டி. அதையும் மாஸ்க்கை இறக்கித் தின்பதற்குள் ஏற்றச் சொன்னார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதிப்பது ஊரில் ஒன்று, விமானம் ஏறுமுன் ஒன்று, இறங்கியதும் ஒன்று. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை தடவை பார்க்க மாட்டார்கள்.

வேன் ஷார்ஜா நெரிசலில் நின்றபோது பெரியசாமி பேச்சுக் கொடுத்தார்.

“அண்ணே, நீங்க சாவுக்கும் வாசிப்பீங்களா?”

“கோயில் கொடை, சர்ச் பவனி, கல்யாணம், சாவு. கூப்பிட்டா எல்லாத்துக்கும்தான். ஏன் கேக்கிய?”

“எங்கப்பா போன வருசம் கொரோனால போயிட்டாரு. நான் இங்க மாட்டிக்கிட்டேன். ஃப்ளைட்டு மாஃபி, ஒண்ணுகூட இல்ல. ஃபோன்லதான் பாத்தேன். ஆம்புலன்ஸ்ல இருந்து நேராக் குழிக்கு. வீட்டு வாசலுக்குக்கூடக் கொண்டு வரல. மேளம் இல்ல, ஒண்ணும் இல்ல. நடந்து போக ஆளே இல்லண்ணே.”

நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இதுவா பேச்சு என்று எனக்கு எரிச்சல். “விடுங்க தம்பி, ரோட்டைப் பாருங்க” என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

வந்த காரியம் இதுதான். இந்த அரபு நாட்டின் தேசிய தினத்தை ஒட்டி அஜ்மான் கடற்கரைச் சாலையில் பல நாட்டு ஆட்களும் அவரவர் வாத்தியத்தோடு அணிவகுத்துப் போகும் ஊர்வலம். கொரோனாவுக்குப் பிறகு முதல் ஊர்வலம். எங்களுக்கு வெளிநாட்டிலேயே முதல் ஊர்வலம். பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வெளியூர் போய் நடந்து வாசிக்கிற பேண்டு நாங்கள். இரண்டு வருடமாக வெளியூரும் இல்லை, நடையும் இல்லை. தொற்று தொடங்கியபோது இதேபோல் ஒரு பயணத்துக்குச் சீருடையெல்லாம் தைத்து, பெட்டி கட்டி வைத்திருந்தோம். விமானங்களை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தச் சீருடை பாதிப் பேருக்கு வயிற்றில் இறுக்கமாக இருந்தது. இங்கே ஒழுங்காக நடந்து காட்டினால் அடுத்த வாரம் குவைத்தில், அப்பாசியாவில், ஒரு பள்ளிக்கூட விழா. இங்கே சொதப்பினால் ஊருக்கு விமானம்.

எங்களை வரவழைத்தவர் ஜமால் காக்கா. கீழக்கரைக்காரர். அஜ்மானில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அவர் கடைக்கு மேல் மாடியில் அறைக்கு இரண்டு பேராகத் தங்க வைத்தார். கதவருகே நின்றே பேசினார், உள்ளே வரவில்லை.

“மாஸ்டர், ஒரு விசயம் சொல்லிட்டேன். ஊர்வலத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் டெஸ்ட் இரிக்கு. ஒருத்தருக்கு இருந்தா அவரும் அவரோட ரூமுல இருந்தவரும் கலாஸ், ஊர்வலத்துல கெடையாது. ஒருத்தர் ஊதுனத இன்னொருத்தர் ஊதியிருந்தா மொத்த செட்டும் கலாஸ். நான் கால்ல விழுந்து வாங்குன எடம் இது.”

“அதுக்கென்ன காக்கா, பாத்துக்கிடலாம்” என்றார் மாஸ்டர்.

மாஸ்டர் என்பது அருள். என் தங்கையைக் கட்டியவர். எனக்கு மாப்பிள்ளை, பேண்டுக்குத் தலைவர். டிரம்பெட். ஊர்வலம் புறப்படும்போது அவர் தனியாக ஓர் எடுப்பு ஊதுவார். அது தெரு முனைவரை போய்த் திரும்பி வரும். அதற்குப் பிறகுதான் எங்கள் கால் நகரும்.

மறுநாள் காலை கீழே காபித்தேரியாவில் பரோட்டாவும் கரக் சாயும். சாய்க்கு நான் அடிமையாகிவிட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏலக்காயும் டின் பாலும் போட்டு, சுண்டச் சுண்டக் கொதிக்க விடுகிறார்கள். பரோட்டாவைப் பற்றி ஒரு தென்மாவட்டத்துக்காரன் வெளிநாட்டில் கருத்துச் சொல்வது பாவம். சால்னா இல்லை. பருப்பைக் கொடுத்தார்கள்.

சாப்பிடும்போது தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, அவுக நல்லா இருக்காகளா? ஊதுதாகளா?”

“ஊதாம பின்ன? பாடவா கூட்டியாந்திருக்கு?”

“ரொம்ப நடக்க விடாதீய.”

“நடக்கத்தாம்மா வந்திருக்கோம்.”

பெண்களுக்குக் கவலைப்பட ஒன்று வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தேன்.

சாயங்காலம் கட்டடத்துக்குப் பின்னால் கார்கள் நிற்கிற மணல் திடலில் ஒத்திகை. ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டர் தள்ளி நடக்க வேண்டும் என்பதால், ஜமால் காக்கா சுண்ணாம்பில் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். வட்டத்தில் நின்றதுமே தொல்லை தொடங்கியது. நாங்கள் தோள் உரச நடந்து பழகியவர்கள். பக்கத்து ஆள் மூச்சு இழுப்பது காதில் விழுந்தால்தான் எனக்கு எடுக்கத் தெரியும். இங்கே பக்கத்து ஆள் பக்கத்துத் தெருவில் நிற்பதுபோல் நின்றார். கடைசி வரிசையில் தங்கராசு அடிக்கிற டிரம் முன்வரிசைக்குத் தாமதமாக வந்தது. பாட்டு நடுவில் பிய்ந்து தொங்கியது.

அதற்கு முன் வழக்கமான சடங்கு நடந்தது. எந்த ஊர்வலமானாலும், எந்த ஒத்திகையானாலும், எல்லோரும் பூம் பூமென்று தயார் செய்துகொண்டிருக்கும்போது மாஸ்டர் வரிசையாக வந்து ஒவ்வொருவர் வாத்தியத்தையும் வாங்கி, ஒரு மூச்சு ஊதிப் பார்த்து, சுதி சரி என்று தலையாட்டித் திருப்பிக் கொடுப்பார். எங்கள் செட் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அன்றும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு வந்தார். முதலில் செல்வினின் டிரம்பெட். பிறகு பாரிட்டோன், யூபோனியம், என் கிளாரினெட். இரண்டு கையாலும் வாய்ப்பக்கத்தை மூடிப் பிடித்து, கன்னம் உப்பி, தலையாட்டிக் கொடுத்தார். சந்தடியில் யார் ஊதியது எந்தச் சத்தம் என்று யாருக்குத் தெரியும்? நான் வாங்கி வாயில் வைத்து ஊதினேன். வட்டத்துக்கு வட்டம் இரண்டு மீட்டர் அளந்து நின்ற நாங்கள் எல்லோரும் அதையே செய்தோம். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

அதற்கடுத்த நாள் டெஸ்ட். அடுத்த காலையில் முடிவு போனில் வந்தது. செல்வினுக்கு இருக்கிறது.

ஜமால் காக்கா மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றார். செல்வினையும் அவன் அறைக்காரனையும் தனிமைக்கு அழைத்துப் போக வண்டி வந்தது. செல்வின் டிரம்பெட் பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்றான். “தொண்ட கரகரன்னு இருந்துச்சு. ஏசின்னு நெனச்சேன்” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். பெட்டியைத் தொட ஒருவரும் முன்னே போகவில்லை.

“மத்தியானம் நர்ஸ் வருது” என்றார் காக்கா. “மாத்தி ஊதினியளான்னு கேப்பாங்க. என்ன சொல்ல?”

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தோம். செல்வின் வாத்தியத்தில் தொடங்கி வரிசை முழுக்க ஊதியது அவர் வாய். ஊதியதை நாங்கள் ஊதினோம். இனி என்ன சொல்ல?

மாஸ்டர் சொன்னார்: “நான் யாரு வாத்தியத்தையும் ஊதல.”

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பொய்க்குத் துணை போகத் தயாராகிவிட்டார்கள் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. நான் மாப்பிள்ளையின் சட்டையைப் பிடிக்காத குறையாக மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன். மேலே ஏசி எந்திரங்கள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. ஷார்ஜா பக்கம் கட்டடங்கள் புழுதியில் மங்கித் தெரிந்தன.

“மாப்ள, என்ன பேச்சு பேசுதீரு? என் கண்ணு அவிஞ்சா போச்சு? நாளைக்கு அந்தக் கூட்டத்துல எவனுக்காவது வந்து செத்தா உமக்குத் தூக்கம் வருமா?”

அவர் கையோடு கொண்டுவந்திருந்த தன் டிரம்பெட்டை எடுத்து உதட்டில் வைத்தார். கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. வந்தது வெறும் காற்று. பிறகு இருமல். எந்திரங்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருமி முடிக்கும்வரை நின்றார்.

“போன வருசம் ஆசுபத்திரில கெடந்தேன்லா மச்சான். அதுக்கப்புறம் மூச்சு ஏறல. ஒதட்டுல வைக்கவே இல்ல, கையை வச்சு மறைச்சுக்கிடுவேன். ஊதிப் பாக்காட்டா மாஸ்டர் எதுக்கு?”

“தங்கச்சிக்குத் தெரியுமா?”

“அவளுக்கு மட்டும்தான்.”

இரண்டு வருடம் ஊர்வலமே இல்லாததால் ஒளிக்க முடிந்திருக்கிறது. கொட்டகையில் ஒத்திகை என்றால் கையசைத்தே ஓட்டியிருக்கிறார். நானும் மாஸ்டருக்குத் திமிர் ஏறிவிட்டது என்று என் பெண்டாட்டியிடம் பேசியிருக்கிறேன். அந்த மாடியில் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இரண்டு மீட்டர் சட்டம் நினைவுக்கு வந்து நின்றுவிட்டேன்.

“நர்ஸ்கிட்ட இதச் சொல்லணும் மாப்ள. இல்லன்னா நம்ப மாட்டாக.”

“பயலுவ முன்னாலயா?”

“அவனுவளும் பொய்யின்னுதான நெனைக்கானுவ?”

டிரம்பெட்டின் வாயைச் சட்டையில் துடைத்தார். பிறகு படி இறங்கினார்.

நர்ஸ் மலையாளப் பெண். கண் மட்டும் தெரிந்தது, கண்ணில் தூக்கமே இல்லை. கேட்க வேண்டியதை நேராகக் கேட்டார். ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் வைத்தாரா?

“வைக்கலை” என்றார் மாஸ்டர். “வைக்கிற மாதிரி நடிச்சேன். எனக்கு ஊத வராது.”

தங்கராசு தலையைத் தூக்கினான். நர்ஸ் புருவம் சுருங்கியது. பேண்டு மாஸ்டருக்கு ஊத வராதா என்று அவர் கேட்பதற்குள் மாஸ்டர் ஜன்னலோரம் போய், எங்களுக்கு முதுகு காட்டித் திறந்த ஜன்னலைப் பார்த்து டிரம்பெட்டைத் தூக்கினார். மறுபடியும் அதே காற்று. மறுபடியும் முயன்றார். குழாய்க்குள் ஏதோ சிணுங்கியது, அவ்வளவுதான். இருமல் அவரை இரண்டாக மடக்கியது. ஊர் ஊராக எங்களை எழுப்பி நடக்க வைத்த மனுசன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களில் ஒருத்தராலும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“மதி சேட்டா, மதி” என்று, போதும் என்பதுபோல் கை காட்டினார் நர்ஸ். விரலில் மாட்டும் கருவியை மாட்டிப் பார்த்தார். “நாளை எத்தனை தூரம் நடக்கணும்னு தெரியுமா? இது வச்சிட்டு நடக்க முடியுமோ?”

“ஊதத்தான் மூச்சு வேணும். நடக்கக் கால் இருக்குல்லா.”

நர்ஸ் அதற்குச் சிரிக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் மறுபடி குச்சி விட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு ஜமால் காக்கா மந்தி என்கிற அரபுச் சோறு அனுப்பியிருந்தார், முழு ஆட்டுக்கால் மேலே கிடந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தங்கராசு மட்டும் எலும்பிலிருந்து கறியைப் பிய்த்து மாஸ்டர் தட்டில் தள்ளிவைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். மறுநாள் முடிவு வந்தது. எங்களில் ஒருவருக்கும் இல்லை.

ஊர்வலம் அன்றைக்கே, வெள்ளிக்கிழமை வெயில் தாழ்ந்ததும். நம் ஊரில் ஊர்வலம் என்றால் நாய், பைக், குழந்தையைத் தோளில் தூக்கிய தகப்பன், எல்லாம் வரிசைக்குள்ளேயே வரும். இங்கே சாலை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கயிறு. கயிற்றுக்கு அந்தப்பக்கம் லீவு நாளுக்குக் குளித்துச் சட்டை போட்டு வந்த தொழிலாளர் கேம்ப் ஆட்கள் இடைவெளி விட்டு நின்றார்கள். முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பின்னால் பிலிப்பைன்ஸ்காரர்களின் டிரம் படை. நாங்கள் நடுவில், சாலையில் வரைந்த வட்டங்களில் நின்றோம். எங்கள் முன்வரிசையில் இரண்டு வட்டம் காலி.

எடுப்பு ஊத ஆள் இல்லை. மாஸ்டர் வெள்ளைக் கையுறை போட்ட கையைத் தூக்கிக் கீழே இறக்கினார். தங்கராசு அடித்தான். கிளம்பிவிட்டோம். கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கிற வேக நடை. ஒத்திகையில் பிய்ந்து தொங்கிய சத்தம் மெல்ல ஒட்டிக்கொண்டது. காதை நம்பாமல் முன்னால் போகிற ஆளின் குதிகாலைப் பார்த்து வாசித்தோம். நான் பார்த்ததோ மாஸ்டரின் தோளை. முதல் வளைவுவரை நேராக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடிக்கும் தோள் காதுவரை ஏறி இறங்கியது. விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். விழுந்தால் என்ன ஆகும்? இருமுகிற ஆளைக் கொண்டுவந்தார்கள் என்று கூட்டம் சிதறும். அப்பாசியாவும் போகும். நான் தங்கைக்கு என்ன பதில் சொல்வேன்?

திரும்பித் தங்கராசைப் பார்த்தேன். அவனும் அந்தத் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் டிரம்மில் அடிக்கும் அடிக்கும் நடுவே இடைவெளி கூடியது. இன்னும் கூடியது. எங்கள் கால்களும் அந்த வேகத்துக்கு இறங்கின, யோசிக்காமலே இறங்கின. அந்த இடைவெளியில் அடி விழுந்தால் எங்கள் செட்டுக்கு ஒரே ஒரு பாட்டுதான் தெரியும். விரல்கள் தாமாகவே அங்கே போய்விட்டன. சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக் கல்லறைக்குப் போகும்போது வாசிக்கிற பாட்டு. பாடியை எடுத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் இந்த நடைதான்.

கொண்டாட்ட ஊர்வலத்தில் சாவு நடை. கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தவன் கதைதான். எனக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் மாஸ்டர் வேகமாக நடக்க வேண்டியிருக்கும். கயிற்றோரம் ஜமால் காக்கா ஓடி வந்தார்.

“மாஸ்டர், என்ன இது, மையத்து நடை நடக்கிறிய? யல்லா, யல்லா.”

பிலிப்பைன்ஸ்காரர்கள் எங்கள் முதுகுவரை வந்து முட்டி, நின்ற இடத்திலேயே கால் போட்டார்கள். மாஸ்டர் மட்டும் ஒருமுறை திரும்பித் தங்கராசைப் பார்த்தார். அவன் எதற்காக வேகத்தை இறக்கினான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கையைத் தூக்கி அந்த நடைக்கே தாளம் போட்டார்.

அப்போதுதான் கயிற்றுப் பக்கம் பார்த்தேன். போனைத் தூக்கிப் படம் பிடித்தவர்கள் போனை இறக்கியிருந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் ஒருவர் சட்டைக் காலரில் கண்ணைத் துடைத்தார். இந்த நடை என்ன என்று தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குத் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. எங்களோடு சமமாக, கயிற்றுக்கு அந்தப்பக்கம் ஓர் ஆள் நடந்து வந்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பெரியசாமி. வேனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர். சாலை முடியும்வரை எங்களைப் பார்க்கவே இல்லை, நேரே பார்த்து நடந்தார்.

மாஸ்டர் நடந்து முடித்தார். முடிவுக் கோட்டைத் தாண்டிக் கடற்கரைத் திண்டில் உட்கார்ந்து தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார். ஏற்பாட்டாளர்களில் ஓர் அரபு இளைஞர் ஜமால் காக்காவிடம் வந்து, அந்த மெதுவான பாட்டு என்ன, தங்கள் ஆட்கள்கூடப் பேசாமல் நின்றுவிட்டார்களே என்று கேட்டார். காக்கா ஒரு நொடி எங்களை முறைத்தார். பிறகு, “அது எங்க ஊரு மரியாதை” என்று அரபியில் சொன்னதாக எங்களிடம் சொன்னார். ஊர்வலப் படத்தைப் பார்த்துவிட்டு அப்பாசியாவிலிருந்தும் போன் வந்தது. வரச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகள் விழா, கொஞ்சம் வேகமாக வாசிக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்கள்.

தங்கைக்கு நானே போன் போட்டேன். “ஊதல” என்றேன். “முன்னால நடந்தாரு. கடைசிவரை நடந்தாரு.”  சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

திரும்பும்போது மாஸ்டர் வேனில் முன் சீட்டில். டிரம் அதன் இடத்தில், பெல்ட்டோடு. இந்தத் தடவை எனக்கும் ஓர் ஓரம் கிடைத்தது. பெரியசாமி செருப்பில்லாத காலோடுதான் வண்டி ஓட்டினார். நெரிசலில் வண்டி நின்றது.

“எங்கப்பாவ இன்னைக்குத்தாண்ணே எடுத்தோம்” என்றார்.

 மாஸ்டர் மூச்சு அடங்குவதற்காகக் காத்திருந்துவிட்டு, “அப்பா பேரு என்ன தம்பி?” என்று கேட்டார்.

“கருப்பையா.”

முன்னால் நின்ற கார்கள் நகரத் தொடங்கின. பெரியசாமி கியரைப் போட்டார்.